பாவாயி அம்மையாரும் ஆறிப்போன விளக்கும்

செம்மலை இரும்புச் சுரங்கத்தில் கார்பைடு விளக்கு துடைப்பதுதான் பாவாயி அம்மையாருக்கு வாய்த்த திருப்பணி. ஒரு பெரிய யுத்தம் முடிந்து அடுத்தது தொடங்காமல் இருந்த அந்த இருபது வருஷமும் அம்மையார் விளக்கறையை விட்டு நகர்ந்ததில்லை. மொத்தம் அறுபது விளக்கு. பழைய சாம்பலைக் கொட்டிக் கழுவி, புதுக் கார்பைடு போட்டு, தண்ணீர் ஊற்றி, அடியில் ஒரு பொட்டுத் திருநீறு தடவுவார். "முருகா, நீதான் கூட்டிக்கிட்டுப் போற, நீதான் திருப்பிக் கூட்டிக்கிட்டு வரணும்" என்று சொல்லித்தான் விளக்கை ஆள் கையில் கொடுப்பார். அறுபது பேருக்கும் தனித்தனியாக இதையே சொல்வார்.

அடியார் என்றால் அஞ்சாத நெஞ்சு இருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். அம்மையார் மகா பயந்தாங்கொள்ளி. இதை மறைத்து என்ன ஆகப்போகிறது? கணவர் கந்தப்பன் மேல் பாறை சரிந்து அவரை மூட்டையாகக் கட்டிக் கொண்டுவந்த நாளிலிருந்து, சங்கு ஊதினாலே அம்மையாருக்கு வயிற்றைக் கலக்கும். திருநீறு தடவும் விரல் நடுங்கும், பாதி கீழே கொட்டும். ஆனாலும் ஒரு விளக்கைக்கூடப் முருகன் பெயர் சொல்லாமல் கொடுத்ததில்லை.

இதைப் பார்த்துச் சிரிக்க ஆள் இல்லாமல் இருக்குமா? பாறையில் துளை போடும் மாரப்பன் இருந்தானே, வாய்த்துடுக்குக்காரன்! விளக்கை வாங்கும்போதெல்லாம் அம்மையாரைப் போலவே கை நடுங்கிக் காட்டுவான். விளக்கறை ஜன்னலில் ஒரு செங்கல்லுக்குத் திருநீறு பூசி முருகன் என்று கும்பிட்டு வந்தார் அம்மையார். அதன்முன் எரியும் அகலை மாரப்பன் ஊதி அணைத்துவிட்டுப் போவான்.

"பாவாயக்கா, ஒன் முருகனுக்கு மலை உச்சிதான் தெரியும். மலைக்குள்ள கெடக்குற எங்களையெல்லாம் அவருக்கு எங்க தெரியப்போகுது?" என்பான்.

அம்மையார் அகலை மறுபடி ஏற்றுவார். அவனுடைய முப்பத்திரண்டாம் நம்பர் விளக்குக்குத் திருநீறு கொஞ்சம் கூடுதலாகவே போகும்.

சுரங்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. பகல் இரண்டு மணிக்கு முதல் சங்கு. ஆட்கள் மேலே வந்து அவரவர் விளக்கை அவரவர் நம்பர் கொக்கியில் மாட்டிவிட்டுக் குழாயடிக்கு ஓடுவார்கள். அறுபது கொக்கியும் நிறைந்தால் எல்லாரும் வந்தாயிற்று என்று கணக்கு. கிளார்க் தேவசகாயம் பச்சைக் கொடியைக் காட்டுவார். இரண்டாம் சங்கு ஊதும். உள்ளே பாறையில் வைத்த வெடிமருந்து வேட்டுகளை மேலிருந்தே கம்பி வழியாக வெடிப்பார்கள். ஒரு கொக்கி காலியாக இருந்தாலும் சங்கு ஊதக் கூடாது.

அன்றைக்கும் கொக்கிகள் நிறைந்தன. கிளார்க் கொடியை எடுக்கப் போனார். அம்மையார் முந்தானையால் பிடித்து விளக்குகளை ஒவ்வொன்றாகத் தொட்டு, "கூட்டியாந்துட்டியா முருகா" என்று சொல்லிக்கொண்டே வந்தார். எட்டு மணி நேரம் எரிந்த விளக்குகள், துணியைத் தாண்டிச் சுட்டன. முப்பத்தொன்று சுட்டது. முப்பத்திரண்டு சில்லென்று இருந்தது.

அம்மையார் மறுபடி தொட்டுப் பார்த்தார். மூடியைத் திருகிப் பார்த்தார். கார்பைடு பாதிக்கு மேல் கரையாமல் அப்படியே கிடந்தது. சுடர் வரும் மூக்கு அடைத்து நடுவிலேயே அணைந்த விளக்கு! மாற்று விளக்கு வாங்கிவரச் சொல்லி மாரப்பன் யாரிடமோ கொடுத்தனுப்பியிருக்கிறான். வந்தவன் அம்மையார் தண்ணீருக்குப் போயிருந்த நேரம் பார்த்துக் கொக்கியில் மாட்டிவிட்டு வேறு வேலைக்குப் போய்விட்டான். விளக்கு வந்துவிட்டது. ஆள் இன்னும் உள்ளே, இருட்டில், வேட்டுக்குப் பக்கத்தில்.

"ஐயா! மாரப்பன் வரல! வெளக்கு ஆறிக்கெடக்கு!"

கிளார்க் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "கொக்கி நெறஞ்சிருக்கும்மா. ஒனக்கு எப்பவும் பயந்தான். போய் வேலையப் பாரு."

கொடி மேலே எழுந்தது. அம்மையாருக்குக் கண் இருட்டியது. எதிர்த்துப் பேசினால் வேலை போகும், கம்பெனி கொடுத்த லயத்து அறையும் போகும், போவதற்கு வேறு இடம் கிடையாது. அடிவயிற்றிலிருந்து "முருகா!" என்று ஒரு சத்தம் போட்டார். முப்பத்திரண்டாம் விளக்கைக் கொக்கியிலிருந்து பிடுங்கி மார்போடு அணைத்துக்கொண்டு ஓடிப்போய்ச் சங்குக் கயிற்றடியில் உட்கார்ந்துவிட்டார்.

"குடு அத! பைத்தியமா ஒனக்கு?"

"கொக்கி காலிங்க ஐயா," என்றார் அம்மையார். பல் தந்தியடித்தது. "கொக்கி காலியா இருந்தா ஊதப்படாது. என்னைக் கொன்னாலும் குடுக்கமாட்டேன்."

குழாயடியிலிருந்து ஆட்கள் ஓடிவந்தார்கள். "மாரப்பன் எங்கடா?" என்று ஒருவன் கேட்டான். யாரும் அவனைப் பார்த்திருக்கவில்லை. தேவசகாயத்தின் கையிலிருந்த கொடி தானாகத் தாழ்ந்தது.

நாலு பேர் உள்ளே போனார்கள். அவர்கள் திரும்பி வரும்வரை அம்மையார் விளக்கைக் கீழே வைக்கவேயில்லை. வேட்டுக் குழிகளிலிருந்து பத்தடி தூரத்தில் மாரப்பன் உட்கார்ந்திருந்தான். அவன் காலுக்கு நாலடி முன்னால் கல் தள்ளிவிடும் ஆழக்குழி வாய் திறந்து கிடந்தது. மேலே வந்தவன் நேராக அம்மையார் காலடியில் விழுந்தான். அந்த வாய்த்துடுக்கெல்லாம் எங்கே போனதோ, குழந்தை மாதிரி அழுதான்.

"தடவிக்கிட்டே வந்துரலாம்னு எந்திரிச்சேன்க்கா. யாரோ தோளப் பிடிச்சு, 'உக்காரு'ன்னாங்க. கையில திருநீறும் கார்பைடும் கலந்த வாசம், ஒன் கை மாதிரியே. 'நீங்க எந்த சிப்டு?'ன்னு கேட்டேன்."

"என்னப்பா சொன்னாரு?" என்றார் அம்மையார்.

"'எனக்கு சிப்டு கெடையாதுடா. வெளக்கு ரூமுல ஒருத்தி அறுபது தரம் நடுங்கி நடுங்கிக் கூப்பிடுறா. அப்பறம் எப்படி மலை மேல உக்காந்திருக்கறது?' அப்படின்னாரு. என்னத் தேடி வந்தவங்க வெளிச்சத்துல திரும்பினேன். பக்கத்துல யாருமில்லக்கா."

அம்மையார் தம் இரண்டு கைகளையும் முகத்தருகே கொண்டுபோய் முகர்ந்து பார்த்தார். பிறகு வாய்விட்டு அழுதார். இத்தனை வருஷம் தம் பயத்தை நினைத்துக் கூசியவர் அவர். அந்த நடுக்கத்தையே கும்பிட வேண்டும்போல் இருந்தது அவருக்கு.

மறுநாள் சங்கு ஊதியதும் வழக்கம்போல் அம்மையாருக்கு வயிற்றைக் கலக்கியது. திருநீறு பாதி கீழே கொட்டியது. ஜன்னலில் அகலை மாரப்பன் ஏற்றிவைத்தான். சிந்திய திருநீற்றைத் தரையிலிருந்து தொட்டு நெற்றியில் இட்டுக்கொண்டு உள்ளே இறங்கினான்.

கடைசி வரை பயம் தீராமலே, கடைசி வரை பெயர் விடாமலே அழைத்த பாவாயி அம்மையாரின் நடுங்கும் கைகள் நம் தலைமேல் இருக்கட்டும்.