தாழை ஆடிய கரை

ஒரு காட்டில், குடிக்க என்று மிஞ்சியிருந்தது ஒரே ஒரு குளம். தாழை என்ற இளம் நாரை அதில்தான் தினமும் ஆட்டம் பழகுவாள். ஆட்டம் என்றால் அவளுக்கு உயிர். அவள் ஆடினால் காடே கூடிவிடும், பிள்ளைகளே!

அந்தக் கோடையில் அவளுக்கு ஆட்டத்தில் மனமே செல்லவில்லை. போன வாரம் முட்டி நனைய நின்ற இடத்தில் இன்று பாதம்தான் நனைந்தது. வெயில் குடித்தாலும் இவ்வளவு வேகமாகவா குடிக்கும்? பயந்துபோய்க் கரையைச் சுற்றி வந்தாள். மேற்குக் கரையில் நீளமாக ஒரு வெடிப்பு! அதன் வழியே தண்ணீர் கசிந்து முட்புதருக்குள் வீணாகப் போய்க்கொண்டிருந்தது.

'ஐயோ! மழைக்கு இன்னும் இரண்டு மாதம் இருக்கிறதே! நான் பறந்துபோய்ப் பிழைத்துக்கொள்வேன். நேற்றுப் பிறந்த மான்குட்டி எங்கே போகும்?' என்று நினைத்தாள்.

யானையிடம் ஓடினாள். யானைக்குப் பெருமை அதிகம்.

"யானையாரே, கரை கசிகிறது. மண் போட்டு நீங்கள் நாலு மிதி மிதித்தால் அடைபட்டுவிடும்."

"என்னது? சேறு மிதிக்க நானா? வேறு ஆளைப் பார்!"

பன்றியிடம் போனாள். பன்றி எதற்கும் ஒரு சாக்கு வைத்திருக்கும்.

"நான் குடிப்பது வடக்குக் கரையில். மேற்குக் கரையில் குடிக்கிறவர்களைப் போய்க் கேளேன்."

மரக்கிளையில் இருந்த குரங்கு பல்லை இளித்தது. அடுத்தவர் காரியத்தில் மூக்கை நுழைக்காவிட்டால் அதற்குத் தூக்கம் வராது. "உனக்கு ஏன் இந்த வம்பு? தெரிந்தது ஆட்டம்தானே? போய் ஆடு, போ!"

தாழைக்கு அழுகை முட்டியது. தனியாளாக அலகால் மண்ணை அள்ளி வெடிப்பில் வைத்தாள். வைத்த மண் வைத்தவுடனே கரைந்து போனது. கனமான கால்கள் மிதித்து இறுக்கினால்தான் மண் நிற்கும். அவள் கால்களோ குச்சிகள்! 'ஆடு என்றுதானே குரங்கு சொன்னது?' சட்டென்று நிமிர்ந்தாள்.

மறுபடியும் பன்றியிடம் போனாள். "மேற்குக் கரையில் இன்று என் ஆட்டம். மேடைக்குப் புற்றுமண் பரப்ப வேண்டும். உன் மூக்குக்கு ஈடான மூக்கு இந்தக் காட்டில் உண்டா?"

பன்றி மறுபேச்சுப் பேசாமல் மண்ணைக் கிளறித் தள்ளிக்கொண்டு வந்தது.

பிறகு யானையிடம் போனாள். "என் ஆட்டத்துக்குத் தாளம் போட ஒரு பெரிய கால் வேண்டும். உங்களை விட்டால் யார் இருக்கிறார்கள்?"

"அப்படிக் கேள்!" என்று யானை எழுந்தது.

ஆட்டம் தொடங்கியது. வெடிப்பின் மேலேயே ஆடினாள் தாழை. அவள் கால் வைத்து நகர்ந்த இடத்தில் யானையின் கால் 'தொம்' என்று விழுந்தது. மான்களும் பன்றியும் சேர்ந்து குதித்தன. தாழையின் கண் மட்டும் முட்புதரை விட்டு நகரவில்லை. தண்ணீர் இன்னும் போய்க்கொண்டே இருந்தது. அவளுக்கு மூச்சு வாங்கியது, கால்கள் கெஞ்சின. 'நான் நின்றால் இவர்களும் நின்றுவிடுவார்களே!'

அந்த நேரம் பார்த்துக் குரங்கு கத்தியது. "அட ஏமாந்த கூட்டமே! இது ஆட்டமில்லை. கரை அடைக்கிற வேலை! உங்களைச் சேறு மிதிக்க வைக்கிறாள்!"

தூக்கிய கால் தூக்கியபடியே யானை நின்றுவிட்டது. தாழைக்கு உயிரே போய்விட்டது. ஆனாலும் ஆட்டத்தை நிறுத்தவில்லை.

"வேலை செய்கிறவர் முகம் இப்படியா மலர்ந்திருக்கும்? யானையாரே, தாளம் தவறுகிறதே!"

"தாளமா? எனக்கா?" கால் 'தொம்' என்று இறங்கியது. "ஏ குரங்கே, வாயை மூடு!"

தொம்! தொம்! முட்புதர்ப் பக்கம் ஒரு சொட்டு விழுந்தது. வெகுநேரம் கழித்து இன்னொரு சொட்டு. அப்புறம் ஒன்றுமே விழவில்லை.

தாழை அப்படியே கரையில் உட்கார்ந்துவிட்டாள். யானை குனிந்து கரையின் வெளிப்பக்கத்தைப் பார்த்தது. குரங்கு சொன்னது நிஜம்தான் என்று அதற்கு இப்போது புரிந்துவிட்டது. என்ன நடக்குமோ என்று தாழை கழுத்தை உள்ளே இழுத்துக்கொண்டாள்.

யானை தொண்டையைக் கனைத்தது.

"தெற்குக் கரையிலும் ஒரு விரிசல் இருக்கிறது" என்றது. "நாளைக்கு எப்போது ஆட்டம்?"

நீதி: வேலை என்று சொன்னால் விலகிப் போகும் கால்களும், மகிழ்ச்சியோடு அழைத்தால் தாமாகவே வந்து சேரும்.