சிவப்புக் காரைக் கொடுத்தவர்

மடத்தில் அடுப்படி என் பொறுப்பு. அன்றைக்குச் சாயங்காலம் ரசத்துக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தபோது வாசலில் லாரிச் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். லாரியின் மேல் ஒரு சிவப்புக் கார் நின்றது. டிரைவருக்குப் பக்கத்திலிருந்து நாச்சிமுத்து இறங்கினார்.

கோயமுத்தூரில் மில் நடத்தி ஓய்ந்தவர். எங்கள் சாமிக்கு நாற்பது வயதுதான், இவருக்கு அறுபத்தைந்து இருக்கும். ஆனாலும் சாமிக்குச் சீடர். மனைவி செல்லாத்தாள் இறந்த பிறகு அடிக்கடி வர ஆரம்பித்தார். மகன் கனடாவில். பெரிய வீட்டில் இவர் ஒருத்தர்தான்.

"ஏனுங்க, காரை எதுக்கு லாரியில ஏத்தியிருக்கீங்க?" என்று சாமி கேட்டார்.

"தர்மத்துக்குக் கொடுத்துட்டேன் சாமி. தீக்காயம் பட்ட பிள்ளைகளை வச்சுப் பார்க்கிற ஒரு ஆஸ்பத்திரிக்கு. அவங்க ஏலம் விட்டுக்குவாங்க. லாரி இப்படியே சென்னை போகுது. போறதுக்கு முன்னால உங்க கண்ணுல காட்டிரலாம்னு வந்தேன்."

"நல்ல காரியம். பிள்ளைகளுக்கு ஆகட்டும்."

சாமி லாரியைச் சுற்றி வந்தார். இரண்டே பேர் உட்காரும் பந்தயக் கார். தேடித் தேடி வாங்கியதாம். எனக்குக் காரைப் பற்றி ஒன்றும் தெரியாது, ஆனாலும் அழகாகத்தான் இருந்தது, பொய் சொல்லக்கூடாது.

"ஓட்டிக்கிட்டே வந்திருக்கலாமே?"

"ஓட்டினா விலை இறங்கிருங்க சாமி. ஷெட்டை விட்டு வெளிய எடுத்ததில்லை. ஞாயித்துக்கிழமை எஞ்சினை மட்டும் ஓட விட்டுக் கொஞ்ச நேரம் கேட்டுட்டு அணைச்சிருவேன்."

"பக்கத்து சீட்டுல யாரெல்லாம் உட்கார்ந்திருக்காங்க?"

"யாருமே இல்லைங்க. வந்தப்போ இருந்த பிளாஸ்டிக் உறைகூட இன்னும் பிரிக்கல." சொல்லும்போது முகத்தில் பெருமைதான் இருந்தது. சொல்லி முடித்ததும் அது போய்விட்டது. "செல்லாத்தா ஒரு தடவை கேட்டா சாமி. மருதமலைக்கு இதுல போயிட்டு வரலாமான்னு. உறை கசங்கிரும், இன்னொரு நாள் பார்க்கலாம்னேன். அவ அப்புறம் கேட்கவே இல்ல."

 

லாரி கிளம்பியது. வளைவு திரும்பி மறைகிறவரை நாச்சிமுத்து பார்த்துக்கொண்டே நின்றார்.

"சாமி, ஒண்ணு கேட்கட்டுங்களா? வீட்டுக்குப் போகவே பயமா இருக்கு. பேச ஒரு ஆள் இல்ல. அந்தக் காரைப் பார்த்தாலே அவ ஞாபகம். கொடுத்துட்டா மனசு லேசாகும்னு நினைச்சேன். கொடுத்தும் அப்படியேதான் இருக்கு. ஏன் சாமி?"

"டவுனுக்கு பஸ் கிளம்புற நேரமாச்சு. எனக்கும் வேலை இருக்கு. வாங்க, சேர்ந்தே போகலாம்."

கேட்ட கேள்விக்கு இதுவா பதில் என்று எனக்கு எரிச்சலாக வந்தது. காய்கறி வாங்க வேண்டியிருந்ததால் நானும் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

எங்கள் ஊரில்தான் பஸ் புறப்படும். காலியாக இருந்தது. நாச்சிமுத்து முதலில் ஏறி இரண்டு பேர் சீட்டில் ஜன்னலோரம் உட்கார்ந்தார். தோளிலிருந்த துண்டை எடுத்து, சாமிக்கென்று பக்கத்து இடத்தில் போட்டார். சாமி கடைசியாக ஏறி, படிக்குப் பக்கத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றுவிட்டார்.

அடுத்தடுத்த ஊர்களில் கூட்டம் ஏறியது. தூங்குகிற குழந்தையைத் தோளில் போட்டிருந்த ஒருவர் துண்டைப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"ஆள் வருதுங்களா?"

"வருதுங்க," என்றார் நாச்சிமுத்து. குழந்தைக்காரர் பின்னால் போனார்.

பிறகு ஒரு பெயின்டர் வந்தார். சட்டையெல்லாம் சுண்ணாம்பும் பெயின்ட்டும். அவரும் அதையே கேட்டார்.

நாச்சிமுத்து அவர் சட்டையைப் பார்த்தார், தன் வெள்ளை வேட்டியைப் பார்த்தார். "ஆள் வருதுங்க," என்றார். பெயின்டர் சரிங்க என்று சொல்லி அங்கேயே கம்பியைப் பிடித்து நின்றுகொண்டார். வேலை முடிந்து வருகிற மனிதர். கால் மாற்றி மாற்றி நின்றார்.

"சாமி, இடம் போட்டு வச்சிருக்கேன், வாங்க," என்று நாச்சிமுத்து கூப்பிட்டார். சாமி தலையை மட்டும் ஆட்டினார். அசையவில்லை.

பஸ் ஒரு நிறுத்தத்தில் நின்று மறுபடி கிளம்பியது. நாச்சிமுத்துவுக்குப் பொறுக்கவில்லை. அத்தனை பேருக்கு நடுவில் திரும்பிக் கேட்டார்.

"சாமி, நான் கேட்டதுக்கு நீங்க பதிலே சொல்லலையே."

சாமி பெயின்டரைக் காட்டினார். "அந்த அண்ணன் உங்களை ஒண்ணு கேட்டாரே. அதுக்கு நீங்க பதில் சொல்லியாச்சா?"

"சொல்லிட்டேனுங்களே. ஆள் வருதுன்னு."

"நான் இங்கயே நிக்கப் போறேன்," என்றார் சாமி. "வேற யாருங்க வர்றாங்க?"

நாச்சிமுத்து துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். பெயின்டரைப் பார்த்து, "யாரும் வரலைங்க, உட்காருங்க," என்றார்.