புண்ணாக்குச் சாக்கு பேசிய பேரம்

ஒரு பங்குனியில் பாவாத்தாளின் சின்னத் தோட்டத்துக்கு மூன்று பேர் மொபெட்டில் வந்து இறங்கினார்கள்: இரண்டு செம்மறிக் குட்டிகள், அவற்றைச் சுற்றியிருந்த ஒரு சணல் சாக்கு. குட்டிகளின் தாய் பாம்பு கடித்துச் செத்திருந்தது.

“ஏனுங்க, சின்னது கத்தக்கூட மாட்டேங்குதுங்க. பொழுதுக்குள்ள பால் எறங்கலீன்னா தங்காது,” என்றாள் பாவாத்தாள் புருஷன் ராக்கியப்பனிடம்.

புட்டியை வாயில் வைத்தால் இரண்டும் துப்பின. பட்டியில் ஒரு வெள்ளாடு இருந்தது. ஒற்றைக் குட்டி போட்டது. மடி நிறையப் பால். குட்டிகளை அதனிடம் விட்டார்கள். அது விட்ட உதையில் ராக்கியப்பனின் வேட்டி கிழிந்தது.

சாக்குக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

“ரெண்டு காம்பு, ஒரு குட்டி. ஒண்ணு சும்மாதானே தொங்குது?”

“தொங்கட்டும். அது என் சொந்தத் தொங்கல்.”

திட்ட வாயெடுத்த சாக்கு ஒன்றைக் கவனித்தது. ஆட்டின் மூக்கு தன் பக்கமே வந்துகொண்டிருந்தது. ஒரு வருஷம் கடலைப் புண்ணாக்கு சுமந்த சாக்கு அது.

“வாசனை பிடிக்குதோ?”

“யாருக்கு? எனக்கா? சே!” என்றது ஆடு. எச்சில் தாடி வழியாக ஒழுகியது.

“ரெண்டு குட்டிக்கும் ஒரு வேளைப் பால், உனக்கு என்னில ஒரு வாய்.”

“மூணு வாய்.”

“மூணா? நான் சாக்கா, கல்யாணப் பந்தியா? ஒண்ணு!”

“ரெண்டு. ஓரத் தையலும் வேணும்.”

“தையல் போனா நான் பிரிஞ்சிருவேன்டி!”

“அப்ப குட்டியைக் கூட்டிட்டு நட.”

சின்னக் குட்டி சாக்கின் நுனியை வாயில் வைத்துச் சப்பிக்கொண்டு கிடந்தது. பால் வருமென்று நம்பியது போல. அதற்குமேல் சாக்குக்குப் பேரம் வரவில்லை.

“தின்னு தொலை. தையலோடவே தின்னு.”

ஆடு கடித்தது. உதைக்காமல் நின்றது. சின்னக் குட்டியின் வால் கிடுகிடுவென்று ஆடியது.

வேளைக்கு இரண்டு வாய் என்று நாள்கள் போயின. சாக்கில் படுத்த குட்டிகள் மேலும் புண்ணாக்கு வாசனை ஏறியது. ஆடு போகிற போக்கில் அவற்றையும் ஒரு நக்கு நக்கிவைத்தது. பிறகு இரண்டு நக்கு.

“அந்தச் சாக்கு எங்கீங்க?” என்று ஒரு நாள் கேட்டாள் பாவாத்தாள்.

“இத்துப்போச்சாட்டம் இருக்குது புள்ள.”

கைக்குட்டை அளவுதான் மீதி. ஆடு கிட்டே வந்தது. சாக்கு கண்ணை மூடிக்கொண்டது.

“கடைசி வாய். நாளைக்கு எங்கிட்டே ஒண்ணுமில்லை. குட்டிகளை மட்டும் உதைக்காதே.”

ஆடு அதைக் கவ்வியது, தின்னவில்லை. பட்டிக்குள் கொண்டுபோய் ஈரமில்லாத மூலையில் விரித்தது.

“பிள்ளைங்க வெறுந்தரையில படுத்தா சளி பிடிக்கும்.”

“பிள்ளைங்களா? எப்ப இருந்து?”

“எவளுக்கு ஞாபகம்?”

“அடிப்பாவி! அப்ப எதுக்குடி நேத்து வரைக்கும் என்னைத் தின்னே? எடு, என் உடம்பை இப்பவே எடுத்து வை!”

ஆடு அசை போட்டபடி வெளியே பார்த்தது. சின்னக் குட்டி, தோட்டமே அதிரக் கத்திக்கொண்டு, வேலிப் பக்கம் ஓடியது.

“அதோ, உன் உடம்பு வேலியைத் தாண்டுது. போய்ப் பிடி.”