ஒரு பிடி அறுகம்புல்

தீர்ப்புச் சொல்லத் துணிந்தவர்கள் முதலில் இதைக் கேட்கட்டும்.

முன்னொரு காலத்தில் இரண்டு பாளையங்களுக்குத் தீராப் பகை. ஆயினும் ஒரு வழக்கம் மட்டும் இரு தரப்புக்கும் பொதுவாக இருந்தது. ஆயுதத்தை எறிந்துவிட்டுப் புல்லை வாயில் கவ்வியவன் பசுவுக்குச் சமம்; அவனை வெட்டக் கூடாது. மீறி வெட்டியவனை எவரும் கொல்லலாம். அவனுக்காகப் பழி கேட்கும் உரிமை அவன் உறவினருக்கும் இல்லை.

கூவல்மேட்டில் போர் ஓய்ந்த காலையில், வென்ற படையின் காவலன் சடையன் பிணங்களைப் புரட்டிக்கொண்டிருந்தான். அந்தப் படையை நடத்திய தளவாய் வீரமல்லரின் தம்பி தொண்டையில் ஈட்டி பாய்ந்து கிடந்தார். அவர் காலடியில் எதிரி வீரன் ஒருவன் பிடரி பிளந்து குப்புறக் கிடந்தான். சடையன் அவனைத் திருப்பினான். இறுகிய பற்களுக்கிடையே ஒரு பிடி அறுகம்புல். அந்தத் தம்பியைக் குறைசொன்ன ஒருவனின் நாக்கைத் தளவாய் சென்ற வாரந்தான் அறுத்திருந்தார். சடையன் சுற்றுமுற்றும் பார்த்தான். பற்களை நெம்பிப் புல்லைப் பிடுங்கி எறிந்தான்.

நண்பகலில் தளவாய் மாட்டுத்தொழுவத்துக்கு வந்தார். அங்கே பதினொரு கைதிகள் கழுத்தோடு கழுத்தாகப் பிணைக்கப்பட்டு நின்றார்கள்.

"போர்முரசு ஓய்ந்த பிறகு என் தம்பியைக் கொன்றிருக்கிறீர்கள். இனிப் புல் உங்களைக் காக்காது. ஈட்டி எறிந்தவன் முன்வந்தால் ஒரு தலை, இல்லையேல் பதினொன்று."

எவரும் அசையவில்லை. தளவாய் முதலில் நின்றவனின் மூக்கை அறுத்து மண்ணில் போட்டார். அடுத்து நின்ற கூத்தனின் உதடுகள் திறந்தன, குரல் எழவில்லை. கத்தி அவன் மூக்கைத் தொட்டபோது, கடைசியில் நின்ற முதியவர் பேராண்டி பேசினார்.

"நான்தான் எறிந்தேன், தளவாய். மூக்குகளை விட்டுவிடும். இவர்களுக்கு இன்னும் பெண் பார்க்க வேண்டியிருக்கிறது."

தளவாய் கிழவரின் வலக்கையைத் தூக்கிப் பார்த்தார். வண்டிச்சக்கரம் ஏறி நசுங்கிய கை. இரண்டு நாள் காயம், சீழ் கட்டியிருந்தது.

"இந்தக் கையா எறிந்தது? அடேய் சடையா, இவர்களைப் பிடித்துக் கட்டியவன் நீதானே? சொல்."



"இடக்கைப் பழக்கம் உள்ளவர், ஐயா" என்றான் சடையன்.

முதல் வெட்டில் தலை விழவில்லை, மூன்றாவதில் விழுந்தது. முண்டம் சாய்ந்தபோது கயிறு மற்றப் பத்துக் கழுத்துகளையும் இரத்தத்துக்குள் இழுத்தது.

தளவாய் சொன்ன சொல் தவறவில்லை. பத்துப் பேரும் விடுவிக்கப்பட்டார்கள். கட்டவிழ்க்கும்போது கூத்தன் சடையனிடம் முணுமுணுத்தான்: "எறிந்தவன் நான். என் அண்ணனைத் தளவாயின் தம்பி பின்னாலிருந்து வெட்டுவது தெரிந்தது. தொலைவில் வேறொன்றும் தெரியவில்லை."

சடையன் அடுத்த முடிச்சுக்குப் போனான்.

உயிரைக் கொடுத்துப் பொய் சொன்னவர் பேராண்டி. உண்மையை விழுங்கியவன் கூத்தன். பொய்க்குச் சாட்சி நின்று பத்துப் பேரை மீட்டவன் சடையன். இம்மூவரில் யார் செய்தது சரி?

விடை: பேராண்டி செய்ததே சரி. கூத்தன் கோழைதான், ஆனால் தன்னைக் குற்றவாளி என்றே அவன் நம்பினான். புல்லைக் கண்டிருந்தால் வழக்கத்தைச் சொல்லி வாதாடியிருப்பான். தளவாய் கேட்டது உரிமையற்ற பழி என்பதும், அந்தத் தொழுவத்தில் எவருமே சாக வேண்டியதில்லை என்பதும் தெரிந்தவன் சடையன் ஒருவனே. சொல்லியிருந்தால் அவன் நாக்கு போயிருக்கலாம். பத்துப் பேரைக் காப்பதற்குப் பேராண்டி தம் கழுத்தைக் கொடுத்தார். சடையன் கொடுத்ததும் பேராண்டியின் கழுத்தைத்தான்.