ஏறிக்கொண்டே போன பச்சைக் கோடு

முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையில் துணிந்து பொய் சொன்னவர் ஒருவர்கூட இல்லை. ஆனாலும் ஒரு பெண்ணின் கடை போயிற்று. எப்படிப் போயிற்று என்று கேளுங்கள். கடைசியில் நான் கேட்பதற்கு நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.

நாகர்கோவிலில் பஸ் ஸ்டாண்டை ஒட்டி ஜெபமலருக்கு ஒரு சிப்ஸ் கடை இருந்தது. நேந்திரங்காய் வறுவலும் முந்திரிக்கொத்தும் அவள் கைப்பக்குவத்துக்கே விலைபோகும். அந்தக் கடையில் நின்றுதான் பெண்பிள்ளைகளைப் படிக்க வைத்தாள். நாலு பேர் அவளை மதித்துப் பேசுவதும் அந்தக் கடையால்தான். மூத்தவள் சொன்னாளே என்று, இந்த வருஷம் இணையத்திலும் விற்கத் தொடங்கியிருந்தாள்.

விளம்பர வேலையை ஸ்டான்லி என்பவர் நடத்தும் சின்ன நிறுவனம் பார்த்துக்கொண்டது. அங்கே அறிக்கை தயாரிப்பவள் அஜிதா. எண்களைக் கொடுத்தால் கோடும் வட்டமுமாகப் படம் போட்டுத் தரும் மென்பொருளில் அவள் கெட்டிக்காரி. ஜெபமலருக்கு நாலைந்து படம் காட்டினால் குழம்பிவிடுவாள் என்று, இணையத்தில் அவளுடைய கடைப் பக்கம் எத்தனை முறை திறக்கப்பட்டது என்பதை மட்டும் ஒரே பச்சைக் கோடாக்கி, மேலே ‘கடைக்கு வந்தவர்கள்’ என்று தலைப்புப் போட்டாள். அந்தப் படம் ஜெபமலரின் போனிலேயே இருந்தது. எப்போது தொட்டாலும் அன்றைய நிலவரம் தெரியும். கடைப் பக்கம் ஒழுங்காகத் திறக்கிறதா என்று நீங்களும் அப்பப்போ பார்த்துக்கொள்ளுங்கள் அக்கா என்றும் சொல்லிவைத்தாள்.

ஜெபமலர் இரண்டையும் பார்த்தாள். அதுவே பொழுதாகப் பார்த்தாள். வறுவல் வாணலியில் கிடக்கும்போது ஒரு தரம், ஆள் ஓய்ந்தால் ஒரு தரம். அவள் கணவர் மரியதாஸும் வீட்டிலிருந்து பார்ப்பார். கோடு ஏறியது. திங்கட்கிழமைதோறும் அஜிதாவே போன் போட்டு, ஏறுகிறது அக்கா என்பாள். அந்தப் பெண்ணுக்கு உண்மையிலேயே சந்தோஷம்தான். ஆர்டர் மட்டும் அத்தி பூத்தாற்போல வந்தது. கேட்டால் ஸ்டான்லி, இன்று பார்க்கிறவன் நாளை வாங்குவான் என்பார். நடக்கிற விஷயந்தானே, அதையும் பொய்யென்று சொல்ல முடியாது.

இந்த நேரத்தில் கடையின் சொந்தக்காரர் வாடகையை ஏற்றினார். முடியாதென்றால் வெள்ளிக்கிழமை சாவியைக் கொடுத்துவிடு, செல்போன் கடைக்காரர் ஒருவர் காத்திருக்கிறார் என்றார். ஆற்றில் ஒரு கால் சேற்றில் ஒரு கால் என்று எத்தனை நாள் நிற்பது? பச்சைக் கோட்டை நம்பி, கடையை விட்டு இணையத்தில் மட்டும் விற்பதென்று ஜெபமலர் தீர்மானித்தாள். அதை அஜிதாவிடமும் சொன்னாள்.

வெள்ளிக்கிழமை காலை அஜிதா அறிக்கையில் புதிதாக ஒரு படம் சேர்த்தாள். எந்தெந்த ஊரிலிருந்து ஆட்கள் வருகிறார்கள் என்று காட்டும் படம். சென்னை, கோயம்புத்தூர், பெங்களூர் என்று புள்ளி புள்ளியாகத் தெரியும் என்று ஆவலாக இருந்தாள். வந்தது நாகர்கோவிலில் ஒரு பெரிய வட்டம். தோண்டித் துருவினாள். ஏறக்குறைய எல்லா வருகையும் இரண்டே போன்களிலிருந்து. போன் ரகத்தையும், திறந்த நேரங்களையும் பார்த்ததும் யாருடையவை என்று விளங்கிவிட்டது: ஒன்று ஜெபமலருடையது, மற்றது அவள் கணவருடையது. கோடு ஏறிய சந்தோஷத்தில் ஜெபமலர் கடைப் பக்கத்தைத் திறந்து பார்ப்பாள். திறக்கத் திறக்கக் கோடு ஏறும். கடைக்கு வந்துகொண்டிருந்தவள் கடைக்காரிதான்.

அஜிதா ஸ்டான்லியிடம் ஓடினாள். அவர் படத்தைப் பார்த்தார். பிறகு, ஜெபமலருக்குப் போன் பண்ணக் கூடாது என்றார்.

“நாம நம்பர மாத்தலியே. அவங்க தொறந்தாங்க, அது எண்ணிச்சு. அடுத்த மாசம் மெதுவா திருத்திக்கிடலாம்.”

சொல்லித்தான் ஆவேன் என்றால் நாளையிலிருந்து வேலைக்கு வர வேண்டாம் என்பதையும் சாதுவாகச் சொல்லிவைத்தார்.

அஜிதாவுக்கு வேலையும் வேண்டும், மனசாட்சியும் வேண்டும். இருக்கைக்கு வந்து, அந்த இரண்டு போன்களையும் கணக்கிலிருந்து நீக்கினாள். பச்சைக் கோடு தரையோடு தரையாகப் படுத்தது. அக்கா எப்படியும் பார்ப்பாள், பார்த்தால் புரிந்துகொள்வாள் என்று தன்னைத் தேற்றிக்கொண்டாள்.

அன்றைக்கென்று ஜெபமலர் பார்க்கவில்லை. வாணலியைக் கழுவிக் கவிழ்த்து, தட்டுகளைக் கழற்றி, கடையைக் காலி செய்துகொண்டிருந்தாள். கூடமாட உதவ வந்த மரியதாஸ்தான் பார்த்தார். கோடு தரையோடு படுத்துக் கிடந்தது. மனைவியைத் திரும்பிப் பார்த்தார். வெகுநாளைக்குப் பிறகு சிரித்த முகமாக இருந்தாள். படத்தில் ஏதோ கோளாறு, நாளைக்குச் சரியாகிவிடும், நல்ல காரியத்துக்கு நடுவில் எதற்கு வாயைத் திறக்க வேண்டும் என்று போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். சாயங்காலம் சாவி கை மாறியது.

இப்போது சொல்லுங்கள். ஸ்டான்லி தெரிந்தும் மறைத்தார். அஜிதா திருத்தினாள், வாய் திறக்கவில்லை. மரியதாஸ் பார்த்தார், அவரும் திறக்கவில்லை. இந்த மூவரில் ஜெபமலருக்குப் பெரிய அநியாயம் செய்தவர் யார்?

ஸ்டான்லி என்று சட்டென்று சொல்லியிருப்பீர்கள். அந்த மனுஷனுக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. ஆனால் அவர் பேச்சை நம்பி ஜெபமலர் கடையை விடவில்லை. மரியதாஸுக்கோ தான் பார்த்தது என்னவென்றே தெரியாது. நான் அஜிதா என்பேன். நல்ல சேதியை வாயால் சொன்னவள், கெட்ட சேதியைப் படத்தின் தலையில் கட்டிவிட்டு ஒதுங்கிக்கொண்டாள். ஜெபமலர் நம்பியது கோட்டை அல்ல, அதைச் சொன்ன குரலை. சனிக்கிழமை அஜிதா மனசு கேட்காமல் போன் போட்டாள். அவள் வாயைத் திறக்கும் முன்பே ஜெபமலர் கேட்டாள்: “மக்ளே, கோடு கீழ விழுந்து கெடக்கே. நீ நேத்து வேலைக்கு வரலியா? ஒடம்புக்கு ஏதும் முடியலியா?”