ஒச்சாயியின் வானக்கல்

ஒச்சாயியின் கொல்லையில் ஒரு மாசி மாதம் வானத்திலிருந்து கல் விழுந்தது. முழுக்கல்லும் அல்ல. பாதி இரும்பு, அதற்குள் பனங்கற்கண்டைப் பதித்தாற்போல் தேன்நிறக் கற்கள். தேய்த்து எலுமிச்சைச் சாற்றில் ஊறப்போட்டால், இரும்பில் பாய் பின்னியதுபோல் குறுக்கும் நெடுக்குமாகக் கோடுகள் தெரியும்.

சாமி கொடுத்தது என்று, மகள் இருளாயிக்குக் காப்புச் செய்யக் கொல்லர் கொண்டைய ஆசாரியிடம் கொடுத்தாள். அவர் ஒரு துண்டை உலையில் காய்ச்சி அடித்தார். காப்பு வந்தது, கோடு போய்விட்டது. "ஐயோ, மிச்சத்தை நெருப்புல காட்டாதீங்க ஆசாரி!" என்று ஒச்சாயி பதறினாள். அவரும் காய்ச்சாமலே உளியால் பிளந்து இரண்டு வில்லைகளாகக் கொடுத்தார். ஒன்று தாய் கழுத்தில், ஒன்று மகள் கழுத்தில்.

பிறகு வந்தது பாழாய்ப்போன பஞ்சம். கஞ்சித்தொட்டிக் கூட்டத்தில் கைநழுவிய பிள்ளை கிடைக்கவேயில்லை. பெற்ற வயிறு சும்மா இருக்குமா? தேடாத ஊரில்லை. கடைசியில் தன் வில்லையைக் கருப்பசாமி கோயில் மணிக்கம்பத்தில் கட்டினாள். வழிப்போக்கர் யாராவது இதன் ஜோடியைக் கண்டதாகச் சொல்லமாட்டாரா என்ற நப்பாசை. யாரும் தொடலாம், அளவெடுக்கலாம் என்பது அந்தப் பேதைக்குத் தோன்றவில்லை.

வருஷங்கள் ஓடின. ஒரு திருவிழாவில் இரண்டு குமரிகள் வந்து நின்றார்கள். இருவர் கையிலும் வில்லை!

முதலாமவள், "அம்மா, என்னைத் தெரியலையா?" என்று ஒச்சாயியின் காலைக் கட்டிக்கொண்டாள். அவள் வில்லை விளிம்போடு விளிம்பு பொருந்தியது. தேன்நிறக் கற்கள் மின்னின.

இரண்டாமவள் தயங்கினாள். "எனக்கு ஒண்ணும் ஞாபகமில்ல. இது என் கழுத்துல கிடந்துச்சாம். வளர்த்தவங்க உரல் ஆடாம இருக்க முட்டுக் கொடுத்திருந்தாங்க. இங்க இது மாதிரி ஒண்ணு தொங்குதுன்னு வளையல்காரர் சொன்னார்." கற்கள் உதிர்ந்து வெறும் குழிகள். விளிம்பு தேய்ந்து, எதோடும் பொருந்தவில்லை.

"பொருந்தினவதான் பொண்ணு, இதுல என்ன யோசனை?" என்றது ஊர். ஒச்சாயிக்கும் அம்மா என்று அழைத்தவள் மேல்தான் மனசு ஓடியது. ஆனாலும் ஆசாரியைப் பார்த்தாள். அவர் குமரிகளின் இரண்டு வில்லைகளையும் மணலில் தேய்த்து, எலுமிச்சைச் சாற்றில் போட்டு மூடினார்.

கேட்டவர்களே, இருளாயி யார்? எதை வைத்துச் சொல்வீர்கள்? மற்றவளை ஒச்சாயி என்ன செய்திருப்பாள்?

விடை: தேய்ந்த வில்லையில்தான் பாய்ப்பின்னல் எழுந்தது. இரண்டாமவளே இருளாயி. அந்தக் கோடு மேற்பூச்சு அல்ல, இரும்பின் உள்ளெல்லாம் ஓடுவது. உரல் தேய்த்தாலும் போகாது. பொருந்தும் விளிம்பை உலையில் அடித்துச் செய்யலாம், கற்களுக்குக் கண்ணாடி பதிக்கலாம். ஆனால் அந்தக் கோடுகளை எந்தக் கொல்லனாலும் அடித்து உண்டாக்க முடியாது. முதலாமவள் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். "என் அம்மா கஞ்சித்தொட்டியிலதான் செத்துப்போனா. எனக்கு யாருமில்ல." அடிக்கக் கை ஓங்கியவர்களை ஒச்சாயி தள்ளிவிட்டாள். ஒரு கையால் இருளாயியை அணைத்தபடியே, மணிக்கம்பத்து வில்லையை அவிழ்த்து முதலாமவள் கழுத்தில் கட்டினாள். "அம்மான்னு கூப்பிட்ட வாயை எப்படிடி துரத்துவேன்?" என்றாள்.