மறுபடி உறைந்த பெட்டி

டெல்ஃபின் டீச்சரிடம் கேக் படிக்க வந்தவர்களில் கஸ்பார் ஒருவர்தான் ஆண். வயதிலும் அவர்தான் மூத்தவர். டீச்சருக்கே அப்பா வயது இருக்கும். தூத்துக்குடி துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்ற மனிதர் ஏப்ரன் கட்டிக்கொண்டு மைதா சலிப்பதைப் பார்த்து மற்ற பெண்கள் வாயைப் பொத்திச் சிரித்தார்கள். அவர் கண்டுகொள்ளவில்லை.

அவருக்குக் கேக் மேல் பெரிய ஆசை ஒன்றும் இல்லை. கேக் மேல் பூச, உறையவைத்துப் பெட்டியில் வரும் கிரீமைப் பற்றித்தான் கேட்டுக்கொண்டே இருப்பார்.

"டீச்சர், புட்டிங்குக்கு ரெண்டு கப் கிரீம்னு சொல்லியிருக்கீங்க. பெட்டியில இருந்து ரெண்டு கப் ஊத்தணுமா?"

"அடிச்ச கிரீம் ரெண்டு கப், அண்ணாச்சி. பெட்டியில இருக்கது பால் மாதிரி. ஒரு கப் ஊத்தி அடிச்சா மூணு கப்பா எழும்பும். முக்கால் கப்புக்குக் கொஞ்சம் குறைச்சு ஊத்துங்க, போதும்."

"மிஞ்சிட்டுன்னா?"

"அடிச்சது மிஞ்சினா மூடி ஃப்ரிட்ஜ்ல வைங்க. ரெண்டு மூணு நாள் தாங்கும். தட்டுல குட்டிக் குட்டியா பிழிஞ்சு ஃப்ரீசர்லயும் வைக்கலாம்."

"அடிக்காதது? பெட்டியோட இளகிப்போய், அதை மறுபடி ஃப்ரீசர்ல வச்சா?"

கேட்டுவிட்டு அவர் கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்துவிட்டார்.

டெல்ஃபின் அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். ஃப்ரீசரைத் திறந்து, கல்லாக உறைந்திருந்த ஒரு பெட்டியை எடுத்து ஜன்னலோரம் வெயிலில் வைத்தாள். வகுப்பு முடிந்தபோது பெட்டி வியர்த்துக் கிடந்தது, குலுக்கினால் தளும்பியது. அதை எடுத்துத் திரும்ப ஃப்ரீசரில் வைத்துக் கதவைச் சாத்தினாள்.

"அடுத்த வாரம் சொல்லுதேன்," என்றாள்.

விடை என்னவென்று கஸ்பாருக்கு ஓரளவு தெரியும். அது தப்பாக இருந்துவிடக் கூடாதா என்ற ஆசையும் அவர் வகுப்பில் சேர்ந்ததற்கு ஒரு காரணம்.

போன வருஷம் வரை அவர் மனைவி கிளாடிஸ்தான் தெருவுக்கே கேக் செய்து கொடுத்தவள். கைராசிக்காரி என்று பெயர். ஒரு சனிக்கிழமை அவள் கோயிலுக்குப் போயிருந்த நேரத்தில் கஸ்பார் பெரிய சீலா மீன் ஒன்றோடு வீட்டுக்கு வந்தார். நல்ல சீலா கையில் கிடைத்துவிட்டால் தூத்துக்குடிக்காரனுக்கு ஊரே ஒதுங்கி வழிவிட வேண்டும். ஃப்ரீசரில் இடம் இல்லை. அவளுடைய கிரீம் பெட்டிகளை எடுத்து வாஷிங் மெஷின் மேல் வைத்துவிட்டு மீனை உள்ளே தள்ளினார். அப்புறம் படுத்தவர் நன்றாகத் தூங்கிப்போனார்.

எழுந்து வந்தபோது பெட்டிகள் தண்ணீராக இளகியிருந்தன. மீனைத் துண்டு போட்டு, ஓரமாக அடுக்கி, பெட்டிகளைப் பழையபடி செருகினார். ராத்திரிக்குள் கல்லாகிவிட்டன. தொட்டுப் பார்த்தார், சரியாகத்தான் இருந்தது. அவளிடம் சொல்லத் தோன்றவில்லை.

அடுத்த ஞாயிறு கிளாடிஸின் அக்கா பேரனுக்குப் புதுநன்மை, கோயிலில் முதன்முதலாக நற்கருணை வாங்குகிற விசேஷம். வெள்ளைக் கேக் செய்ய வேண்டும். அவள் அடித்த கிரீம் எழும்பவே இல்லை. வேறு வாங்கப் பொழுதும் இல்லை. இருந்ததைப் பூசிக் கொண்டுபோனாள். மண்டபத்தில் எல்லோரும் பார்க்க அது கேக்கை விட்டு வழிந்து மேசைவிரிப்பில் இறங்கியது. "உன் கைராசி போயிட்டு, கிளாடிஸ்," என்றாள் அக்கா. வேடிக்கையாகத்தான் சொன்னாள்.

வீட்டுக்கு வந்து கிளாடிஸ் கிரீம் அடிக்கும் மெஷினைக் கழுவித் துடைத்து, பழைய சேலையில் சுற்றிப் பரண்மேல் போட்டாள். அப்போதாவது கஸ்பார் சொல்லியிருக்க வேண்டும். அவர் சொன்னதோ, "விடு, நமக்கும் வயசாகுதுல்லா" என்பதுதான். அந்த வார்த்தையை நினைத்தால் இப்போதும் தன் வாயிலேயே ஒன்று வைத்துக்கொள்ளலாம் போல இருக்கிறது அவருக்கு.

அன்றிலிருந்து கிளாடிஸ் இட்லி மாவில்கூடக் கை வைப்பதில்லை. உப்புப் போட்டுக் கரைக்க அவரைக் கூப்பிடுவாள். எங்கையால கரைச்சா பொங்காது என்பாள். போன வாரம் மகள் ஊரிலிருந்து பேறுகாலத்துக்கு வந்து இறங்கினாள். பிறக்கிற பிள்ளையின் நாக்கில் முதல் சொட்டாகச் சர்க்கரைத் தண்ணீர் தொட்டுவைக்கிற சேனையை அம்மாதான் வைக்க வேண்டும் என்றாள். சேனை வைக்கிறவரின் குணமும் ராசியும் பிள்ளைக்கு வரும் என்பது ஊர் நம்பிக்கை. கிளாடிஸ் கையைச் சேலைக்குள் இழுத்துக்கொண்டாள்.

"எங்கை வேண்டாம்டி. வேற நல்ல கையாப் பாரு."

அடுத்த வார வகுப்பில் டெல்ஃபின் மேசைமேல் இரண்டு பெட்டிகள் இருந்தன. இரண்டையும் முந்தின நாளே ஃப்ரீசரிலிருந்து ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டுக்கு இறக்கி இளக வைத்திருந்தாள். மற்ற பெண்களை ஓவன் பக்கம் அனுப்பிவிட்டு அவரைக் கூப்பிட்டாள்.

"போன வாரம் வெயில்ல இருந்தது எது? சொல்லுங்க."

கஸ்பார் இரண்டையும் திருப்பிப் பார்த்தார், குலுக்கினார், மோந்து பார்த்தார்.

"தெரியலையே, டீச்சர்."

"அடிச்சுப் பாருங்க."

முதல் பெட்டியில் இருந்தது கொஞ்ச நேரத்தில் எழும்பி நின்றது. கிண்ணத்தைக் கவிழ்த்தாலும் விழவில்லை. இரண்டாவது நுரைத்தது, அடங்கியது. கிண்ணத்துக்கு அடியில் ஐஸ் வைத்து அடித்தார். கிண்ணத்தோடு குளிரவைத்து எடுத்து மறுபடி அடித்தார். மெஷின் சூடாகிவிட்டது.

"இன்னும் எவ்வளவு நேரம் அடிக்கணும்?"

"உங்களுக்கு ஏலாமப் போற வரைக்கும்."

அவர் அடித்தார். சட்டை நனைந்து முதுகோடு ஒட்டிக்கொண்டது. கடைசியில் அவரே சுவிட்சை அணைத்தார்.

"ஒண்ணு எழும்பிச்சு, வெயில்ல இளகி மறுபடி உறைஞ்சது எழும்பல," என்றாள் டெல்ஃபின். "அடிச்சது ஒரே கைதான், அண்ணாச்சி."

கஸ்பார் ஸ்டூலில் உட்கார்ந்தார். சீலா மீனிலிருந்து சேனை வரைக்கும் எல்லாவற்றையும் சொன்னார்.

"இதை இனி ஒண்ணும் செய்ய முடியாதா, டீச்சர்?"

"பாயசத்துல ஊத்தலாம். கிரீமா ஆக்க முடியாது."

"நான் ஒண்ணு நினைச்சு வச்சிருக்கேன். வகுப்பு முடியவும் நானே ஒரு வெள்ளைக் கேக் செஞ்சு அவ முன்னால வைக்கப் போறேன். அதைப் பாத்தா அவளுக்கும் பழைய ஆசை வந்துரும். பரண்ல இருந்து மெஷினை இறக்கிருவா."

"உங்க கிரீம் எழும்புமா?"

"எழும்பும். இப்பதான் பாத்தீங்கல்லா."

"மதினியும் பாப்பாங்க. அவங்க அடிச்சு எழும்பாதது நீங்க அடிச்சு எழும்பியிருக்கு. அவங்க என்ன நினைப்பாங்க?"

கிளாடிஸ் என்ன செய்வாள் என்று கஸ்பாருக்குத் தெரியும். கேக்கை வாயாரப் புகழ்வாள். நல்ல கை உங்களுக்கு வாய்ச்சிருக்கு என்பாள். சேனை வைக்கிற கிண்ணத்தையும் அவரிடமே நீட்டிவிடுவாள், சந்தோஷமாக. எவ்வளவு பெரிய மடத்தனத்துக்கு இத்தனை வாரமாக மைதா சலித்துக்கொண்டிருந்தோம் என்று அவருக்கு இப்போதுதான் உறைத்தது.

டெல்ஃபின் எழும்பாத கிரீமைப் பாயசத்துக்கென்று ஒரு பாத்திரத்தில் ஊற்றினாள்.

"பேறுகாலம் எப்போ?"

"இந்த மாசக் கடைசியில."

அவர் ஏப்ரனை அவிழ்த்து மடித்தார். மடித்ததைப் பிரித்து மறுபடி மடித்தார்.

"ஒரு வருஷமா அவ தன்னையே நொந்துக்கிட்டதைப் பக்கத்துல இருந்து பாத்துருக்கேன், டீச்சர். இப்ப போய்ச் சொன்னா என்னை மன்னிப்பாளா?"

"மன்னிப்பு உங்க காரியம், அண்ணாச்சி. நான் மதினி கையைப் பத்தில்லா பேசிட்டிருக்கேன். அது கெட்ட கையில்லன்னு பிள்ளை பிறக்கிறதுக்கு முன்னால அவங்களுக்குத் தெரியணும்."